வரைபடத்தில் ஒரு வீடு, மனையில் ஒரு வீடு

(வீடு கட்டுவோருக்காக நடந்த கூட்டமொன்றில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் வீடு கட்டி முடித்தவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த தை பிறந்ததும் கடைக்கால் போட நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். கட்டி முடித்தவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த அனுமதி வரைபடத்தை என்றைக்காவது தரையில் விரித்துப் போட்டு, உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கிரயப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோ லாக்கரில் வைத்திருப்பீர்கள். தாய்ப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள். பிளான் எங்கே என்றால், "இன்ஜினியரிடம் இருக்கும்", "லோனுக்காக பேங்க்கில் கொடுத்தோம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது.

எங்கள் தொழிலில் எல்லோரும் சாதாரணமாகப் புழங்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அப்ரூவல் பிளான், இன்னொன்று வொர்க்கிங் பிளான். முதலாவது ஆபீசுக்கு, இரண்டாவது மேஸ்திரிக்கு. ஆபீசுக்குப் போகும் வரைபடத்தில் வீட்டைச் சுற்றி இடம் விட்டிருக்கும், படிக்கட்டு அளவாக இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்கும். மேஸ்திரி கையில் இருக்கும் வரைபடத்தில் சுவர் எல்லை வரை போயிருக்கும், கார் நிறுத்தும் இடம் கடையாகியிருக்கும். வீட்டுக்காரரிடம், "அது சும்மா அப்ரூவலுக்கு சார், நாம கட்டுறது வேற" என்று சொல்லிவிடுவார்கள். அவரும் தலையாட்டிவிடுவார். தமிழ்நாட்டில் வீடு கட்டுவோருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அனுமதி வாங்காததால் வருவதில்லை என்பது என் கருத்து. வாங்கிய அனுமதி ஒரு வீட்டுக்கும், கட்டிய வீடு இன்னொன்றுமாக இருப்பதால் வருகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முன்பைவிட இப்போது இதைப் பேச வேண்டிய அவசரம் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமாகவோ வீடு கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கிறது. அதிகாரி மனைக்கு வந்து பார்த்த பிறகுதான் என்ற காத்திருப்பு இல்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆகவே நடுத்தரக் குடும்பங்கள் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடும். அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்த தலைமுறையைப் பார்த்தவன் என்ற முறையில் இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் சான்று தருபவர் யார்? நீங்கள். மனை என்னுடையது, அளவு இவ்வளவு, விதிப்படிதான் கட்டுவேன் என்று உறுதிமொழி தருவது நீங்கள். முன்பு தவறு இருந்தால் கோப்பை ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அந்தத் தவறு காகிதத்தோடு நின்றது. இப்போது தவறு உடனே அனுமதியாகி, செங்கல்லும் சிமென்டுமாக எழுந்து நின்றுவிடுகிறது. பின்னால் பொய்த் தகவல் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், நடவடிக்கை உங்கள் மேல் வரும். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் மேல் வராது. ஓ.டி.பி.யைப் போனில் சொல்லிவிட்டு மற்றதை அவரே பார்த்துக்கொள்வார் என்று இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் மனையைப் பார்ப்போம். அனுமதிச் சிக்கல்களின் வேர் பெரும்பாலும் கட்டடத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை வைத்து மனை விற்றார்கள். தென்னை ஓலைப் பந்தல் போட்டு, வேனில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு விற்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் ஒரு மனைப்பிரிவை அங்கீகரித்ததாக ஆகாது. வாங்கியவர்களுக்கு இது தெரியாது. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதுதான் பலருக்கும் தம் கையில் இருப்பது என்ன என்று புரிந்தது. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்தும் வழி திறந்தது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

நான் சொல்லவருவது இதுதான். உங்கள் மனைக்கு அங்கீகார எண் இருக்கிறதா, இல்லையென்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீடு கட்டும் நினைப்பே இல்லாவிட்டாலும் பாருங்கள். வெற்று மனை வரி கட்டுகிறேன், ரசீது இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. வரி வாங்குகிற பிரிவு வேறு, திட்ட அனுமதி தருகிற பிரிவு வேறு. வரி ரசீதும் மின் இணைப்பும் இருந்தால் கட்டடம் சட்டபூர்வமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. எந்த நீதிமன்றத்திலும் அது நிற்காது.

அடுத்தது அளவு. பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்று எழுதியிருக்கும். கயிறு பிடித்தால் ஒரு பக்கம் 29 அடிதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தியிருக்கலாம். மனை பிரித்தவரே குறைத்து விட்டிருக்கலாம். சர்வேயரின் புலப்பட வரைபடத்தில் மூன்றாவதாக ஓர் அளவு இருக்கலாம். இந்த மூன்றும் ஒத்துப்போகாத மனையில் பத்திரத்து அளவை வைத்துப் பிளான் போட்டால், வரைபடத்தில் ஒரு மீட்டர் விட்ட இடம் தரையில் இரண்டேகால் அடியாகிவிடும். கடைக்கால் தோண்டும் அன்றே பிளானை மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வரவழைத்து, பக்கத்து மனைக்காரர்களையும் கூப்பிட்டு நிற்கவைத்து அளந்து, கல் ஊன்றிவிட்டுப் பிறகு இன்ஜினியரைப் பாருங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் பிறகு வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பூர்வீக வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இது நம் குடும்பங்களுக்குள்ளேயே கிடக்கும் சிக்கல். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு தட்டி கட்டி வாழ்ந்திருப்பார்கள். இப்போது மகன் தன் பாகத்தில் மாடி வீடு கட்ட விண்ணப்பிக்கிறார். பட்டாவில் அவர் பெயரே இல்லை. வாரிசுச் சான்று வாங்க வேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், பட்டாவை உட்பிரிவு செய்து மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் அத்தைகளின் கையெழுத்தும் வேண்டும். "அவங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பார்கள். 1989-லேயே தமிழ்நாடு சட்டம் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் உரிமை கொடுத்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டமும் அதே வழிக்கு வந்தது. சகோதரிகளை மறைத்து வாங்கும் வாரிசுச் சான்றின் மேல் எழுப்பும் வீடு, ஒரு வழக்கு வந்தால் ஆடிப்போகும். கையெழுத்து கேட்கப் போகும் அன்று மட்டும் உறவு கொண்டாடாமல், அவர்களுக்குரிய பங்கைக் கொடுத்து, முறையாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குங்கள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

வாய்மொழிப் பாகப்பிரிவினையில் இன்னொரு துயரம் இருக்கிறது. அகலம் 24 அடி இருந்த வீட்டை அண்ணன் தம்பி நீளவாக்கில் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கு 12 அடி. இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டினால் பக்கவாட்டில் விட இடமே மிஞ்சாது. விட்டால் அறையில் கட்டில் போட முடியாது. சேர்ந்து ஒரே கட்டடமாகப் பிளான் போட்டு, தளத்துக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளும் வழியை யோசியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கிறது.

இனி இடம் விடுவது பற்றி. சுற்றுக்கட்டு இடம், செட்பேக் என்று சொல்கிறோமே அது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்த பிறகு மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித் தொகுப்பு. தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தினார்கள். 1,200 சதுர அடி மனையில் கணக்கில் வரும் பரப்பு 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்று ஆனது. மேலே கட்டிக்கொள்ளத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் விடும் இடத்தில்தான் கண்டிப்பு. நாம் திருட நினைப்பதும் அதைத்தான்.

எந்த ஊரிலும் நீங்கள் பார்க்கக்கூடிய ஒரு சந்தின் கதையைச் சொல்கிறேன். 30-க்கு 40 மனை. அனுமதி வரைபடத்தில் முன்பக்கம் ஒன்றரை மீட்டர், இரு பக்கமும் ஒரு மீட்டர். தரையில் என்ன நடந்தது? கிழக்குப் பக்கம் சுவரை எல்லையிலேயே எழுப்பினார்கள். மேற்குப் பக்கம் ஒன்றரை அடி விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் பங்குக்கு ஒரு அடி விட்டிருந்தார். அந்த இரண்டரை அடிச் சந்தில் இரண்டு வீட்டு சன்ஷேடும் நீட்டிக்கொண்டு ஒன்றையொன்று தொடுகின்றன. ஏ.சி.யின் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகச் சூடு கக்குகிறது. கழிவுநீர்க் குழாய் அந்தச் சந்துக்குள் இறங்குகிறது. அதில் கசிவு வந்தது. பிளம்பர் பக்கவாட்டில் திரும்பி நுழைந்து பார்த்தார், முடியவில்லை. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கினார். கையை மடக்கிக் குழாய் ரெஞ்சைத் திருப்ப இடமில்லாமல் மேலே ஏறி வந்துவிட்டார். கசிவு இன்னும் நிற்கவில்லை. சுவர் ஊறி, அந்தப் பக்கத்து அறையில் பூஞ்சை படிந்து, குழந்தைக்கு இளைப்பு. இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் தன் ஹாலை இரண்டடி போல அகலப்படுத்தியதில் வந்த வினை இது.

அந்த ஒரு மீட்டர் அரசாங்கத்துக்கு விடும் இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். காற்றும் வெளிச்சமும் வருவது அதில்தான். செப்டிக் டேங்க் மூடியைத் திறப்பதும், வெள்ளையடிக்கச் சாரம் கட்டுவதும், தீப்பிடித்தால் ஆள் ஓடுவதும் அதில்தான். மழைநீரை மண்ணுக்குள் அனுப்புவதும் அங்கேதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்த ஆண்டு வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். சென்னையில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தோம். இன்று வரைபடத்தில் சேகரிப்புக் குழி ஒரு வட்டமாக மட்டும் இருக்கிறது. சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய தரையில் குழி எங்கே தோண்டுவது?

அனுமதி என்பது பாதுகாப்பும் கூடத்தானே என்று கேட்பீர்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2014 ஜூன் 28 அன்று, மழை பெய்த ஒரு மாலையில், சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த எளிய மக்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் சம்பளம் வாங்க நின்றவர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். திட்ட அனுமதி, கட்டடம் எங்கே நிற்கலாம், எவ்வளவு உயரம் போகலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்கிறது. மண் தாங்குமா, தூணில் கம்பி போதுமா என்று ஒவ்வொரு மனையிலும் தோண்டிப் பார்த்துச் சொல்வதில்லை. அது மண் பரிசோதனை செய்து கட்டமைப்பு வரைபடம் போடும் பொறியாளரின் பொறுப்பு. சிறு வீட்டுக்கு அது எதற்கு என்று தள்ளாதீர்கள். கரிசல் மண்ணில் கட்டி இரண்டாவது கோடையில் சுவர் வெடித்த வீடுகளை விருதுநகர் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

இடத்தைப் பயன்படுத்தும் விதம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்தைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டாம். 2004 ஜூலை 16. அங்கே ஒரு பள்ளியின் சமையல் கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. நெருக்கமான வகுப்பறை, குறுகிய படிக்கட்டு. அதன்பிறகு பள்ளிக் கட்டடங்களுக்கு விதி கடுமையானது. ஆனாலும் குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டின் மாடியில் இன்றும் டியூஷன் சென்டரும் பெண்கள் விடுதியும் மருத்துவமனையும் நடக்கின்றன. வாடகை கூடக் கிடைக்கிறது என்று கொடுத்துவிடுகிறோம். ஒரே படிக்கட்டு, அதன் அடியில் கேஸ் சிலிண்டர். வீட்டைக் கொடுத்தவரும் இதற்குப் பொறுப்பு என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கட்டுப்பாடு உள்ள இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்ட முடியாது. பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். தஞ்சாவூர், மாமல்லபுரம் மாதிரி ஊர்களில் மனை வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கடற்கரை ஓரம், மலைப்பகுதி, ரயில் பாதை ஓரம், ஏரிக்கரை என்றால் அந்தந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணைச் சுற்றுப்புறத்திலும் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். முன்பு அது தேங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது.

வீட்டில் செய்யும் எல்லா வேலைக்கும் அனுமதி வேண்டுமா? வேண்டாம். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை ஓடு மாற்றுவது, கதவு ஜன்னல் மாற்றுவது, கசியும் தளத்துக்குத் தட்டோடு பதிப்பது இவையெல்லாம் உங்கள் இஷ்டம். மாடியில் ஓர் அறை எடுப்பது, போர்ட்டிகோவைச் சுவர் வைத்து அறையாக்குவது, வீட்டைக் கடையாக்குவது, பழைய வீட்டை முழுதாக இடிப்பது இவற்றுக்கு அனுமதி வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுவிட்டு அடுத்த வருடம் சுற்றிச் சுவர் எழுப்புவது நம் ஊர் வழக்கம். அதுவும் கூடுதல் தளமே.

பிளானை மீறிக் கட்டினால் என்ன செய்துவிடுவார்கள் என்ற துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? அரசுகளே கொடுத்தது என்பேன். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரை வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. இருந்தும் 1998-ல் அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் பிரிவைச் சேர்த்தார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமுறை மட்டும் தரும் சலுகை என்ற அளவில் ஏற்றது. அதன் பிறகும் நீட்டித்துக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு பிரிவு வந்தது. சட்டத்தை மதித்து ஒரு மீட்டர் விட்டவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கும் நிலையை இப்படித்தான் உருவாக்கினோம். இனி ஒரு வரன்முறைத் திட்டம் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அறியாமல் மனை வாங்கி ஏமாந்த ஏழைக்கு வழிவிடுவது வேறு. தெரிந்தே மாடிமேல் மாடி ஏற்றியவருக்கு அபராதத் தொகையில் மன்னிப்பு விற்பது வேறு.

காலமும் மாறிவிட்டது. 2024 டிசம்பர் 17 அன்று மீரட் நகரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாகச் சில ஆணைகள் இட்டது. கட்டுமான இடத்தில் அனுமதி வரைபடம் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மின்சாரமும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே தர வேண்டும். வங்கிகளும் சான்றிதழைச் சரிபார்த்தே கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும். எத்தனை ஆண்டு குடியிருந்தோம், எவ்வளவு பணம் போட்டோம் என்பது மீறலுக்கு நியாயமாகாது என்றும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு இருக்கிறது. அனுமதித்ததற்கு மேல் ஒரு தளமோ கூடுதல் குடியிருப்போ ஏற்றியவருக்கு அந்த விலக்கு துணைக்கு வராது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற முடியாமல், கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டு, 100 யூனிட் இலவசமும் இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கிரகப்பிரவேசம் முடிந்து பல மாதம் ஆகியும் அவர்கள் வீடு மின்வாரியக் கணக்கில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம்தான்.

பணம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. அனுமதிக்குக் கட்டும் தொகைக்கு இணையத்தில் ரசீது வருகிறது. ரசீது வராத எந்தத் தொகையும் கட்டணம் அல்ல. "மொத்தமா இவ்வளவு ஆகும், எல்லாம் சேர்த்து" என்று சொல்பவரிடம், அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வரைபடத்துக்குக் கூலி கேட்பது நியாயம், அதைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். கணக்குக் காட்ட முடியாத தொகைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பிளான் சரியாக இருப்பவரை யாரும் மிரட்ட முடியாது. மீறிக் கட்டுபவரின் வாசலுக்குத்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு பண்டிகைக்கும் யாராவது வந்து நிற்பார்கள்.

கட்டணத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. 1996-ல் மத்திய அரசு இதற்கென்று சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே தொடங்கப்பட்டது. வாரியத்தில் பதிவு செய்த கொத்தனாரின் பிள்ளைக்குப் படிப்பு உதவி, சித்தாளுக்குப் பேறுகால உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு எல்லாம் இந்த நிதியிலிருந்து வருகின்றன. உங்கள் வீட்டில் கல் சுமக்கும் அந்த அம்மா வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒருநாள் டீ வேளையில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மகனோ மகளோ கைபேசியிலேயே விண்ணப்பித்துக் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணம் அவரிடம் போய்ச் சேர வழி செய்ததாகும்.

எங்கள் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆபீசுக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று என்று இரண்டு வரைபடம் போடுவதை நாம் நிறுத்தினால் பாதி மீறல் நின்றுவிடும். வீட்டுக்காரர் கேட்டார் என்பது பதில் இல்லை. அவருக்கு விதி தெரியாது, நமக்குத் தெரியும். அத்துடன் வரைபடத்தில் எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள். முன்பக்க இடம் இவ்வளவு, பக்கவாட்டு இடம் இவ்வளவு, மழைநீர்க் குழி இங்கே என்று தமிழில் இருந்தால் வீட்டுக்கார அம்மா மனையில் டேப் பிடித்துத் தாமே சரிபார்ப்பார். மேஸ்திரியும் படிப்பார். இதற்குத் தடை எதுவும் இல்லை. பழக்கம்தான் மாற வேண்டும். அரசும் இணையதளத்தில் வரும் அனுமதி ஆணையோடு, மீறினால் என்ன ஆகும் என்ற நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் கடைசியில் போடாமல் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.

கட்டப் போகிறவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். முத்திரையிட்ட வரைபடத்தின் நகல் ஒன்றை லேமினேட் செய்து, கடைக்கால் போடும் நாளிலிருந்து மனையில் தொங்கவிடுங்கள். தூண் நிறுத்தும் முன் ஒருமுறை, தளம் போடும் முன் ஒருமுறை, டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் நீங்களே அளந்து பாருங்கள். அளவு குறைந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி கட்டிய நிலையில் மாற்ற ஒருநாள் கூலிதான் செலவு. கான்கிரீட் ஊற்றிய பிறகு மாற்றுவதற்கு வழியே கிடையாது.